வடக்கை மறத்தல்

பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து.
கழற்ற வராத கல்யாண மோதிரத்தை
சோப்புத் தண்ணீர் விட்டு நான்தான் உருவினேன்.
ஜிப் வைத்த சட்டையும் ஆகாது என்றேன்.
பல்லில் ஏதாவது அடைப்பு?
"பல்லே நாலுதான்" என்றார் என்சியோ.
நவம்பர். துர்க்கு நகரத்தில் நாலு மணிக்கே இருட்டு.
ஒரு ஆணிகூட அடிக்காத மர அறைக்குள்
நாங்கள் இரண்டு பேர்.

முப்பத்தோரு வருஷம் கப்பல் கட்டுமிடத்தில் வெல்டர்.
உல்லாசக் கப்பல்களின் அடிவயிற்றுக்குள்
குப்புறப் படுத்து
இரும்போடு இரும்பைத் தைத்தவர்.
பதினாறாவது தளத்தில் நீச்சல்குளம் உண்டாம்.
அவர் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் கறுப்புக் கண்ணாடி வழியே ஒரு பொறி,
அதன் தலைக்கு மேல் புகை.

புகை என்று சும்மா சொல்கிறோம்.
ஆவியான இரும்பு காற்றில் குளிர்ந்து
உருண்டு உறைந்து
தன்னைத்தானே கோத்துக்கொண்ட மணிச்சரம் அது.
ஒரு தலைமயிரின் குறுக்களவில்
ஆயிரம் மணிகள் வரிசையாக நிற்கும்.
மூக்கு பிடிக்காது. இருமல் எட்டாது.
கிளை பிரிந்து கிளை பிரிந்து
கடைசிக் காற்றறையின் ஈரத்தில் போய் விழும்.
விழுந்த கணமே
அவருடைய புரதங்களையே எடுத்து உடுத்திக்கொள்ளும்.
வீட்டுக்காரரின் சட்டையில் நிற்பவனை
யாரென்று கேட்பது?

ஆனாலும் வந்து கேட்கும், விழுங்கணு.
கை கிடையாது; உடம்பையே கையாக நீட்டித் தடவும்.
வாய் கிடையாது; உடம்பையே மடித்து உள்ளே வாங்கும்.
அமிலம் சுரக்கும்.
கிருமி என்றால் இந்நேரம் கரைந்திருக்கும்.
இது இரும்பு.
கொஞ்சம் கரையும், கரைந்த கொஞ்சமும் சுடும்.
மெல்லவும் ஆகாமல் துப்பவும் ஆகாமல்
அந்தச் செல் ஒருநாள் செத்துப்போனால்
பக்கத்துச் செல் வந்து
பிணத்தோடு பாரத்தையும் சேர்த்து விழுங்கும்.
அப்பன் வாங்கிய கடன் மாதிரி
முப்பத்தோரு வருஷமாய்க் கைமாறுகிறது.

"மூச்சைப் பிடிக்க வேண்டாம். சாதாரணமாய் இருங்கள்."
சுருளில் மின்சாரம் விட்டேன்.
அவர் நெஞ்சிலிருந்த அத்தனை துகளும்
சட்டென்று ஒரே திசைக்குத் திரும்பின.
வடக்கு என்று வைத்துக்கொள்வோம்.
அவருக்கு எதுவும் தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் வேலை காத்திருப்பது.
செல்லுக்குள் யாரும் சும்மா இருப்பதில்லை.
விழுங்க முடியாததை உருட்டும், புரட்டும்,
இந்த மூலை சரியில்லை என்று அந்த மூலைக்குத் தள்ளும்.
உருட்ட உருட்ட
ஒவ்வொரு துகளாய் வடக்கை மறக்கும்.
திரையில் கோடு சரியும்.
சரிய வேண்டும். சரிவதுதான் உயிர்.
உயிரில்லாத நெஞ்சில் இரும்பு
விட்ட திசையையே பார்த்துக் கிடக்கும்.

என்சியோவின் கோடு சரிந்தது.
போன வருஷத்தைவிட மெதுவாக.
தொழிற்சாலை வாசலில்
களைத்துப்போன ஷிப்டு கலைகிற மாதிரி.

"எவ்வளவு இருக்கிறது?"
ஒரு சிட்டிகை என்றேன்.
"ஒரு ஆணி செய்யக் காணுமா?"
ஆணிக்குக் காணாது. குண்டூசிக்குக் காணும்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்க நேரம் எடுத்தது.
"அப்படியென்றால் அந்தக் கப்பல்களில் எங்கேயோ
ஒரு குண்டூசி குறைகிறது.
கம்பெனிக்குச் சொல்லிவிடாதே."

மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவில்லை.
பர்ஸின் சில்லறைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
மெதுவான கோட்டைப் பற்றி
டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது.
கதவைத் திறந்து பிடித்தேன்.

அடுத்தது ரெய்கோ. சாரெமா தீவுக்காரன்.
இருபத்திரண்டு வயது, போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.
கழற்றி வைக்க அவனிடம்
ஒரு பெல்ட் மட்டும் இருந்தது.